கை நுழையும் இடம்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் அந்தச் செய்தியை அனுப்புகிறீர்கள். நாம்தான் கடைசித் தலைமுறையாம். கிணற்றில் குதித்தோமாம், புளியமரம் ஏறினோமாம், எதற்கும் பயப்படவில்லையாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் தொட்டதற்கெல்லாம் பயப்படுகிறார்களாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படம் போடுகிறீர்கள்.

நான் பயந்தேன். ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் ஆனி, ஆடி மாதங்களில் நான் பயந்த மாதிரி இன்றுவரை பயந்ததில்லை. பிள்ளை பெற்றபோது பயப்படவில்லை. வயிற்றில் கட்டி என்று மதுரையில் அறுத்தார்களே, அப்போதுகூட அந்த அளவு பயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் கைகூப்ப வேண்டாம்.

உங்களில் பல பேருக்கு எங்கள் வேன் ஞாபகம் இருக்கும். கீழே நீலம், மேலே வெள்ளை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஓடியது. கல்யாணத்துக்கும் மொட்டை போடுவதற்கும் அதில் போயிருக்கிறீர்கள். அது ஓடுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அப்பா லாரி டிரைவர். அடுத்தவன் வண்டியை ஓட்டியது போதும் என்று ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். அது ஒரு மில்லின் பின்பக்கம், கூரை ஒழுகும் பஞ்சு ஷெட்டில் பல வருஷம் நின்றது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். கதவைத் திறந்ததும் நனைந்த பஞ்சும் எலிப் புழுக்கையும் சேர்ந்த ஒரு வாடை வந்தது. சீட்டைக் கிழித்து அணில் கூடு கட்டியிருந்தது. நான் அந்தக் கூட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒருநாள்தான் அந்த வண்டி எனக்குப் பிடித்திருந்தது.

எஞ்சின் சுற்றவில்லை. சித்தப்பா ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச காலம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது மெக்கானிக் பட்டம்.

"சீஸ் ஆயிருக்குண்ணே. மழத்தண்ணி உள்ள எறங்கிருக்கு. பிஸ்டன் துருப்புடிச்சி அப்பிருச்சு."

"கழட்டிருவமாலே?"

"கழட்டாம? இதென்ன ராக்கெட்டா?"

எஞ்சினை இறக்கி, கொல்லையில் பழைய லாரி டயர்களின் மேல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் நாலு குழாய். ஒவ்வொன்றிலும் கவிழ்த்த டம்ளர் மாதிரி ஒரு பிஸ்டன். நாலையும் வளைந்த ஒரு இரும்புத் தண்டோடு நட்டுப் போட்டுப் பிணைத்திருப்பார்கள். அதற்கு கிராங்க் என்று பெயர். கிராங்கில் தடித்தடியான இரும்புக் கட்டிகள் இருக்கும். பிஸ்டன் நகர்ந்தால் கிராங்க் சுற்றும். கிராங்க் சுற்றினால் அந்தக் கட்டிகள் எஞ்சின் சுவரை ஒட்டியே சுற்றிவரும். நடுவில் எது இருந்தாலும் அவ்வளவுதான்.

மூன்று பிஸ்டன்கள் மண்ணெண்ணெய் ஊற்றி, நட்டுகளைக் கழற்றி, கட்டை வைத்துத் தட்டியதும் வந்துவிட்டன. மில்லிலிருந்து அள்ளி வந்த வேஸ்ட் பஞ்சால் நான்தான் அவற்றைத் துடைத்தேன். மிச்சம் ஒன்று. அதற்கும் ஒரு நட்டைக் கழற்றிவிட்டார்கள். இன்னொரு நட்டு இறுகிக் கிடந்தது. அது இளகட்டும் என்று அப்பா பிஸ்டன் தலையில் கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். வெளிச்சத்துக்காக அவருடைய டார்ச்சை கிராங்குக்குப் பக்கத்தில் உள்ளே சொருகியிருந்தார்கள். லாரி ஓட்டிய காலத்திலிருந்து அவர் தலைமாட்டில் வைத்துப் படுக்கும் டார்ச். தகரம்தான், ஆனால் வெள்ளி மாதிரி மினுங்கும். சிவப்புப் பொத்தான்.

திடீரென்று பிஸ்டன் இடம் பெயர்ந்தது. ஒரு விரல்கடை கூட இருக்காது. கிராங்க் அரைச் சுற்றுக்கும் குறைவாகத் துள்ளி, மறுபடி அப்படியே நின்றுவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை. முறுக்கைக் கடித்தால் கேட்குமே, அந்தச் சத்தம். வெளிச்சம் அணைந்தது. சித்தப்பா டார்ச்சை இழுத்து எடுத்தபோது அது தோசைக்கரண்டி மாதிரி தட்டையாக இருந்தது. பேட்டரியிலிருந்து கறுப்பு மாவு கொட்டியது.

"நல்லவேள, டார்ச்சோட போச்சு" என்றார் சித்தப்பா. சிரித்தார்.

நான் அந்தத் தகரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்குள் ஒளி இருந்ததாக நம்பவே முடியவில்லை.

கிராங்க் துள்ளியதில் மிச்சமிருந்த நட்டு உள்பக்கமாக, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அதைக் கழற்றாமல் பிஸ்டனை எடுக்க முடியாது. பிஸ்டன் நகராமல் நட்டு வெளிப்பக்கம் வராது. அப்பா கையை விட்டுப் பார்த்தார். விரல் முட்டியோடு நின்றது. சித்தப்பா எண்ணெய் தடவிக்கொண்டு விட்டார். தோல்தான் உரிந்தது. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, கையை.

"ஏட்டி, இங்க வா. கைய நீட்டு."

அடுப்படி வாசலில் நின்ற அம்மா கேட்டுவிட்டாள். "என் கை போகும். நான் வாரேன். அவள விடுங்க."

அம்மாவின் கை உண்மையிலேயே சின்னது. ஆனால் மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல். பழையதை மாற்றும்போதுகூட ஒன்றை விட்டுவைத்துத்தான் மற்றதைக் கழற்றுவாள். அந்த ஒற்றை வளையலோடு உள்ளே விட்டுப் பார்த்தாள். அது விளிம்பில் தட்டி நின்றது. அதையும் கழற்றப் போனாள். அத்தை விடவில்லை. அத்தை அப்பாவுக்கு அக்கா. பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவள் சொல்லித்தான் நடக்கும்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? ரோட்டுல வண்டி ஓட்டுத புருசன வச்சிக்கிட்டு வெறுங்கையா நிப்பியா? எம் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"செத்த நேரந்தான மதினி..."

"செத்த நேரம்னா எமனுக்குத் தெரியுமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்லுறது சரிதான். சின்னவ கை போதும்" என்றார்.

இதை நிறுத்திப் படியுங்கள். அம்மாவின் கை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கழற்ற வேண்டியது ஒரே ஒரு வளையல். அதற்குப் பதிலாக என் கையை விட்டார்கள்.

வேலை இதுதான். நான் உள்ளே கையை முழங்கைவரை விட்டு, ஸ்பேனரை அந்த நட்டின்மேல் பொருத்தி, நழுவாமல் பிடித்திருக்க வேண்டும். சித்தப்பா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலில் குழாய் மாட்டி இழுப்பார். நட்டு அதிர்ந்து இளகுவதற்காக அப்பா மேலே பிஸ்டனை அடிப்பார். மூன்றும் ஒரே சமயத்தில்.

பிஸ்டன் நகர்ந்தால் கிராங்க் துள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். கண் முன்னால் டார்ச் போயிருக்கிறது. "அப்பிடி ஒடனே நகந்துறாது" என்றார் சித்தப்பா. நகர வேண்டும் என்றுதானே அடிக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வயது போதவில்லை.

உள்ளே குளிர்ந்து கிடந்தது. வெளியே அந்த வெயிலில் உள்ளே மட்டும் எப்படி அவ்வளவு குளிர்ச்சி என்று தெரியவில்லை. பழைய எண்ணெய் விரல் இடுக்கில் களிமண் மாதிரி ஏறும். துருத்தூள் நகத்தில் போய்க் குத்தும். கையைப் பார்க்க முடியாது, தடவித்தான் நட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். புறங்கையில் எப்போதும் அந்தக் கிராங்கின் கட்டி உரசிக்கொண்டே இருக்கும். அப்பா அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் பல்லில் கேட்டது. அடி விழுவதற்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பார். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தால் நான் கையை மடக்கிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இதே வேலை. மில் சங்கு ஊதியதும் விடுவார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை, சங்கு ஊதியதும் வரும். அந்தச் சங்கு இனிமையான நினைவு என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள்.

நட்டு அசையவில்லை. ஸ்பேனர் தடிமனாக இருக்கிறது, ஒல்லியாக வேண்டும் என்று அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். செருப்பு வாங்கப் பிள்ளையைக் கூட்டிப்போவார்கள். என்னை ஸ்பேனர் வாங்கக் கூட்டிப்போனார். கடையில் ஒவ்வொரு ஸ்பேனராக என் கையில் கொடுத்து, "இது பிடிக்க வாகா இருக்கா பாரு" என்றார். கடைக்காரர், "பாப்பா மெக்கானிக்கா?" என்று சிரித்தார்.

திரும்பும்போது தெரிந்தவர் ஒருவரின் டிராக்டர் பட்டறைக்குப் போனோம். அப்பா விஷயத்தைச் சொன்னார். என் கையை விடுகிற விஷயத்தைச் சொல்லவில்லை.

"அடிக்காதப்பா" என்றார் பட்டறைக்காரர். "எஞ்சின நிமித்தி வையி. டீசலும் பிரேக் ஆயிலும் சரிபாதி கலந்து பிஸ்டன் தலையில ஊத்து. கொறையக் கொறைய ஊத்திக்கிட்டே இரு. அப்பிடி ஒண்ணு இருக்குதுங்கிறதையே மறந்துரு. அதுவா விட்டுரும்."

"எம்புட்டு நாளாகும் அண்ணாச்சி? ஆடிப்பூரத்துக்கு ஆள் ஏத்துறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அத எஞ்சின்கிட்டச் சொன்னியா?"

அவர் டீக் கிளாஸை எடுத்தபோதுதான் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் இருந்தன. மற்ற இடம் வழவழவென்று மூடியிருந்தது. அந்த இரண்டு விரலால் கிளாஸை நண்டு மாதிரிப் பிடித்துக் குடித்தார்.

"மாமா, ஒங்க வெரல் எங்க?" என்று கேட்டேன்.

"எஞ்சின் தின்னுருச்சு தாயி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ் ஏறுமுன் அப்பா பால்கோவா வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. மம்சாபுரம் விலக்கு வரும்போது அது இலையோடு என் கையில் உருகி வழிந்துகொண்டிருந்தது. "திங்கத் தெரியல பாரு கழுதைக்கு" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பட்டறைக்காரர் சொன்னதையும் அவர் விரலையும் சொன்னேன். அவள் என் கையைக் கழுவிவிட்டாள். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. வலது கையை வயிற்றுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுத்தேன். பாயை நனைத்தேன். அந்த வயதில் பாயை நனைப்பது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தை கண்டுபிடித்துவிட்டாள். "பிள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு. வண்டி நின்ன எடம் சரியில்ல. அதோட ஏதோ சேந்து வந்திருக்கு."

மம்சாபுரத்தில் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். அவர் உடுக்கை அடித்தார். திருநீறைப் போட்டு, வேப்பிலையால் தோளில் அடித்து, "யாரு நீ? எங்கருந்து வார?" என்று கேட்டார். நான் என் பெயரைச் சொல்லி, ஆறாம் வகுப்பு பி பிரிவு என்றும் சொன்னேன். அது பதில் இல்லையாம். இன்னொரு அடி.

"எதுக்கு இந்தப் பிள்ளையப் புடிச்ச?"

"என்னய யாரும் புடிக்கல. எஞ்சினுக்குள்ள கைய விடச் சொல்லுதாங்க. கை நசுங்கிரும்" என்றேன். தெளிவாகச் சொன்னேன். அழாமல் சொன்னேன்.

கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுது பிள்ள?"

"அது கெடக்கு சாமி. அப்பனுக்கு ஒத்தாசையா ஸ்பேனரு புடிக்கா. நீங்க கட்டி விடுங்க."

அவர் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். மறுநாள் சாயங்காலம் அந்தக் கயிறோடுதான் கையை உள்ளே விட்டேன். "கயித்த மேல ஏத்திக்க, மாட்டிக்கிரும்" என்றார் அப்பா. கயிறு மாட்டிக்கொள்ளுமாம். அதில் அவருக்குக் கவனம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா புதுசாக ஒரு வழி கொண்டுவந்தார். ப்ளோ லாம்ப் வைத்து எஞ்சினை வெளியிலிருந்து சூடாக்கினால் இரும்பு விரியும், பிஸ்டன் விட்டுக்கொடுக்கும் என்றார். நீலத் தீ உறுமிக்கொண்டு வந்தது. எண்ணெய் பொசுங்கிக் கண் எரிந்தது. சூடாக்கிவிட்டு லாம்ப்பைத் தள்ளி வைத்தார்கள்.

"இன்னைக்கு வந்துரும்ணே. பாத்துக்கிட்டே இரு."

இன்னைக்கு வந்துரும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. வந்தால் என் கை? நான் கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ந்து கிடந்தது உயிரோடு எழுந்துவிட்ட மாதிரி. ஸ்பேனர் நட்டில் உட்காரவில்லை, நழுவியது. மறுபடி வைத்தேன், மறுபடி நழுவியது. அப்பா சம்மட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "புடி ஏட்டி, சூடு ஆறுது" என்று கத்தினார். முதல் அடி விழுந்தது. கட்டி என் புறங்கையில் லேசாக அழுத்தியது. நகர்ந்ததா, நான் நினைத்துக்கொண்டேனா தெரியாது. நான் கத்தினேன்.

அம்மா எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். என் தோளைப் பிடித்துக் கையை வெளியே இழுத்தாள். இழுத்த வேகத்தில் கறுப்புக் கயிறு அறுந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அப்புறம் தன் வலது மணிக்கட்டை எஞ்சின் விளிம்பில் வைத்து ஒரே தட்டுத் தட்டினாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி சிதறியது. டயர் ஓட்டைக்குள் கூட விழுந்தது.

"அடிப் பாவி!" என்று அத்தை வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

அம்மா வெறுங்கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை போனது. மணிக்கட்டில் கண்ணாடி கிழித்த ரத்தம் எண்ணெயோடு சேர்ந்து ஒழுகியது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப அடிங்க."

அப்பா நின்றார்.

"அடிங்கன்னா. ஸ்பேனரு நட்டுல இருக்கு. அடிங்க."

அவர் அடிக்கவில்லை. சம்மட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. என் கை உள்ளே இருந்தபோது எத்தனை சாயங்காலம் அந்தச் சம்மட்டி எழுந்தது! அம்மாவின் வெறுங்கை போனதும் எழவில்லை. ரொம்ப நாள் நான், அம்மா மேல் இருந்த பிரியம் என்று நினைத்தேன். இந்த வயதில் தெரிகிறது. அவர் பார்த்தது அம்மாவின் கையை இல்லை, வளையல் இல்லாத மணிக்கட்டை. தன் உயிருக்குப் பயந்தார். அவ்வளவு பெரிய ஆள், வெறும் மணிக்கட்டைப் பார்த்துப் பயந்தார். அவருக்கு யாரும் கயிறு கட்டவில்லை.

அப்பா நல்லவர்தான், அந்தக் காலம் அப்படி என்று நான் முடிப்பேன் என எதிர்பார்த்தால், மாட்டேன்.

அத்தை வந்து ஒப்பாரி வைக்காத குறை. கண்ட நாளில் வளையல் போட்டு இந்தத் தோஷம் போகாது, ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமிக்குச் சாத்திய வளையல் வாங்கித்தான் போட வேண்டும் என்றாள். அதுவரை அம்மா மணிக்கட்டில் மஞ்சள் நூல். அதுவரை அப்பா எஞ்சினைத் தொடவில்லை, வேறு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. சொல்லி வைத்திருந்த ஆட்களை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டார்.

அம்மா சித்தப்பாவிடம், "தம்பி, இத நிமித்தி வச்சிட்டுப் போங்க" என்றாள். நிமிர்த்தி வைத்தார். தினமும் காலையில் பாத்திரம் விளக்கி முடித்ததும் அம்மா ஒரு பழைய போணியில் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து, அந்தப் பிஸ்டன் தலையில் ஊற்றுவாள். செடிக்கு ஊற்றுகிற மாதிரி. குறைந்திருந்தால் மறுபடி ஊற்றுவாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடுவாள். யாரும் அவளை என்ன ஏது என்று கேட்கவில்லை. நான் பக்கத்தில் நிற்பேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஆடிப்பூரத்துக்கு பஸ்ஸில்தான் போனோம். தேர்க் கூட்டத்தில் அத்தை முண்டியடித்து வளையல் வாங்கி வந்தாள். அம்மா கையில் அடுக்கினாள்.

வந்த மறுநாள் அப்பா தட்டை எடுத்துவிட்டு, கட்டையை வைத்து, சம்மட்டி இல்லாமல் சும்மா ஒரு விறகால் தட்டினார். பிஸ்டன் இறங்கியது. கீழே கிராங்க் தன் கனத்தில் வழுக்கிச் சுற்றி 'டொக்' என்று சுவர்ப்பக்கம் போய் நின்றது. யாரும் அதைச் சுற்றவில்லை, அதுவாகச் சுற்றியது. நட்டு வெளிப்பக்கம் வந்துவிட்டது. எஞ்சினைச் சாய்த்து, சித்தப்பா சாதாரண ஸ்பேனரால் அதைக் கழற்றினார்.

கிராங்கை எடுத்தபோது, சுவரில் என் கயிறு இருந்தது. நசுங்கி, நூல் நூலாகப் பிரிந்து, இரும்போடு ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தார்கள்.

"பாத்தியா! பிள்ளைக்கு வந்தத கயிறு வாங்கிக்கிருச்சு" என்றாள் அத்தை. கோடாங்கிக்கு ஒரு சேவல் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். அம்மாவும் நானும் அந்தக் கயிறு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டி நன்றாக ஓடியது. நீங்கள் எல்லோரும் ஏறினீர்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. எஞ்சின் அங்கேதான் இருந்தது.

அப்பா முதுமை வந்துதான் போனார். பேரன் பேத்தியெல்லாம் பார்த்து, படுக்கையில் விழாமல், பத்து வருஷத்துக்கு முன்னால் போனார். அன்றைக்கு அம்மாவை நடுவில் உட்கார வைத்து, வளையலை உடைக்கப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் குரல் அப்படியே இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அன்னைக்கே ஒடச்சவதான இவ. அது சும்மா விடுமா? எம் தம்பிய இன்னைக்குக் கொண்டு போயிருச்சு."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். என் வலது கையை எடுத்து, அத்தையின் கைக்குள் வைத்தாள்.

"ஆமா மதினி, அன்னைக்கு ஒடச்சதுதான். கண்ணு தெரியாட்டா தடவிப் பாருங்க. ஒவ்வொரு வெரலாத் தடவிப் பாருங்க."

பிறகு தன் வளையல்களைத் தானே உடைத்துக்கொண்டாள்.